எக்மோ நோயாளியிடம் முதல் டியூட்டி: படுக்கையருகே என்ன செய்வது, எந்த வரிசையில்

வென்டிலேட்டர் பார்த்துப் பழகிய நர்ஸ்களும் இளம் மருத்துவர்களும் எக்மோ (ரத்தத்தை உடலுக்கு வெளியே எடுத்து, ஆக்சிஜன் ஏற்றித் திருப்பித் தரும் மெஷின்) படுக்கைக்கு முதன்முதலாக வரும்போது ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தடுமாறுகிறார்கள். அலாரம் அடித்ததும் கை நேராகப் பம்ப் வேகத்தை மாற்றும் ஆர்பிஎம் குமிழுக்குப் போய்விடுகிறது. பல சமயம் அந்தக் கைதான் சின்னப் பிரச்சினையைப் பெரிதாக்குகிறது. எதை முதலில் பார்ப்பது, எதை அப்புறம் தொடுவது என்ற வரிசை மனதில் இருந்தால் கை தானாக நிதானப்படும். அந்த வரிசையைத்தான் எழுதுகிறேன்.

இது விவி எக்மோவுக்கு மட்டும். அதாவது இதயம் ஓடுகிறது, நுரையீரல்தான் கைவிட்டுவிட்டது. தொடைச் சிரையிலிருந்து ரத்தத்தை எடுத்து, பம்ப் வழியாக ஆக்சிஜனேட்டருக்கு (ஆக்சிஜனை ஏற்றி, கார்பன் டை ஆக்சைடை நீக்கும் செயற்கை நுரையீரல்) தள்ளி, கழுத்துச் சிரையில் திருப்பிக் கொடுக்கிறோம். தமனியில் குழாய் போடும் விஏ எக்மோவுக்கு இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். எண்கள் எல்லாம் பெரியவர்களுக்கானவை. உங்கள் யூனிட் புரோட்டோகாலில் வேறு எண் இருந்தால் அதுதான் செல்லும்.

1. டியூட்டி தொடங்கும் முன்: கைக்கு எட்ட வேண்டியவை

டியூப் கிளாம்ப் நான்கு, பல் இல்லாதவை. அவை டிராயருக்குள் இருக்கக் கூடாது, மெஷினிலேயே தொங்க வேண்டும். காற்று உள்ளே போகும்போது டிராயரைத் திறக்க நேரம் இருக்காது.

ஹேண்ட் கிராங்க், அதாவது மின்சாரமோ மோட்டாரோ போனால் பம்ப்பைக் கையால் சுற்றும் கருவி. இருக்கிறதா என்று பார்த்தால் மட்டும் போதாது. எந்தப் பக்கம் சுற்ற வேண்டும், பம்ப் தலையை அதில் எப்படிப் பொருத்துவது என்று பயிற்சி சர்க்யூட்டில் ஒருமுறையாவது செய்து பார்த்திருக்க வேண்டும். அவசரத்தில் முதன்முறையாக அதைக் கையில் எடுப்பவர்கள் பாதி நேரத்தைப் பொருத்துவதிலேயே விட்டுவிடுகிறார்கள்.

அப்புறம் ஒரு நல்ல டார்ச், நிரம்பிய ஆக்சிஜன் சிலிண்டர், ரத்த வங்கியில் இந்த நோயாளிக்கென்று குறுக்குப் பொருத்தம் பார்த்து வைத்த ரத்தம், அவசர வென்டிலேட்டர் செட்டிங் எழுதிய ஒரு தாள். அந்தத் தாளைத் தலைமாட்டில் ஒட்டிவையுங்கள். எக்மோ நின்றுபோனால் வென்டிலேட்டரில் என்ன வைப்பது என்று அந்த நேரத்தில் யாரும் யோசித்துக்கொண்டு நிற்கக் கூடாது.

2. ஹேண்ட்ஓவர்: ரத்தம் போகும் வழியிலேயே நடந்து பாருங்கள்

புதியவர்கள் முதலில் திரையைப் பார்க்கிறார்கள். முதலில் நோயாளியைப் பாருங்கள்: கண்மணி, தோலின் நிறம், நெஞ்சு எவ்வளவு அசைகிறது, சிறுநீர்ப் பையின் நிறம். திரையில் எல்லா எண்ணும் ஒழுங்காக இருக்கும்போதே ஒரு பக்கக் கண்மணி விரிந்திருக்கலாம். ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரினில் இருப்பவருக்கு மூளைக்குள் கசிவு சத்தமில்லாமல் வரும். மயக்க மருந்து அதை மறைத்துவிடும். அதனால்தான் மணிக்கு ஒருமுறை கண்மணி பார்ப்பது.

அப்புறம் தொடையில் ஆரம்பியுங்கள். கேனுலா, அதாவது சிரைக்குள் போட்ட குழாய், எத்தனை சென்டிமீட்டர் குறியில் இருக்கிறது, தையல் எத்தனை, டிரெஸ்ஸிங்கில் ரத்தம் ஊறியிருக்கிறதா என்று பாருங்கள். முந்தைய ஷிஃப்ட் எழுதிய குறியோடு ஒப்பிடுங்கள். ஒரு சென்டிமீட்டர் வெளியே வந்திருந்தாலும் உடனே சொல்ல வேண்டும்.

அங்கிருந்து கையால் குழாயைத் தடவிக்கொண்டே பம்ப்புக்கு, பம்ப்பிலிருந்து ஆக்சிஜனேட்டருக்கு, ஆக்சிஜனேட்டரிலிருந்து கழுத்துக்கு வாருங்கள். மடிப்பு, தளர்ந்த இணைப்பு, மேலே ஏறிக்கிடக்கும் போர்வை எல்லாம் இந்த நடையில்தான் கண்ணில் படும். வரும் குழாய் கருஞ்சிவப்பு, போகும் குழாய் பளிச்சென்ற சிவப்பு. இந்த நிற வித்தியாசத்தை இப்போதே மனதில் பதித்துக்கொள்ளுங்கள், 7ஆம் பகுதியில் தேவைப்படும்.

ஒரு விஷயத்தை இங்கே மறக்கவே கூடாது. பம்ப்புக்கு முன்னால் குழாயில் உறிஞ்சும் அழுத்தம், பம்ப்புக்குப் பின்னால் தள்ளும் அழுத்தம். முன்னால் எங்கே திறந்தாலும் காற்று உள்ளே போகும், பின்னால் எங்கே திறந்தாலும் ரத்தம் வெளியே வரும். எனவே தொடைப் பக்கக் குழாயில் உள்ள எந்தப் போர்ட்டையும் நீங்களாகத் திறக்காதீர்கள். மருந்துக்காகப் பெரிய சிரையில் போட்ட சென்ட்ரல் லைனில் மூடி இல்லாத த்ரீ-வே திருகும் இதே ஆபத்துதான். கேனுலா உறிஞ்சும்போது அது வழியாகவும் காற்று இழுபடும்.

கடைசியாகச் சுவர்: மின் பிளக் சரியான சாக்கெட்டில் இருக்கிறதா, காஸ் குழாய் சுவரிலிருந்து, காற்றையும் ஆக்சிஜனையும் கலக்கும் பிளெண்டர் வழியாக ஆக்சிஜனேட்டர் வரை தொடர்கிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள்.

3. எண்களை எழுதும் வரிசை

ஆர்பிஎம் என்பது நாம் வைப்பது. ஃப்ளோ, அதாவது நிமிடத்துக்கு ஓடும் ரத்தத்தின் அளவு, அதற்குக் கிடைப்பது. இரண்டையும் எப்போதும் சேர்த்தே எழுதுங்கள். ஆர்பிஎம் அதே 3,200இல் இருக்க, ஃப்ளோ மட்டும் 4.6 லிட்டரிலிருந்து 4.1க்கு வந்தால் எங்கோ அடைப்போ, ரத்தக் குறைவோ, மடிப்போ இருக்கிறது. ஃப்ளோவை மட்டும் எழுதி, குறையும்போதெல்லாம் ஆர்பிஎம்மைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போன ஒரு சார்ட்டைப் பார்த்திருக்கிறேன். ஃப்ளோ வரிசை கோடு போட்டதுபோல் அழகாக இருந்தது. உள்ளே சிவப்பணுக்கள் உடைந்துகொண்டிருந்தன.

அடுத்து மூன்று அழுத்தங்கள். பம்ப்புக்கு முந்தைய உறிஞ்சல் அழுத்தம் மைனஸ் 100 மி.மீ. பாதரசத்தைத் தாண்டிக் கீழே போக ஆரம்பித்தால் காரணம் தேடுங்கள். ஆக்சிஜனேட்டருக்கு முன், பின் இரண்டையும் எழுதி வித்தியாசத்தைக் கணக்கிடுங்கள். தனி எண்ணைவிட அது எந்தப் பக்கம் நகர்கிறது என்பதே முக்கியம். ஃப்ளோ மாறாமல் அந்த வித்தியாசம் மட்டும் ஏறினால் ஆக்சிஜனேட்டருக்குள் உறைகட்டி சேர்கிறது.

வெப்பநிலை பற்றி ஒரு சின்ன எச்சரிக்கை. ஹீட்டர் 37 டிகிரியில் ரத்தத்தைப் பிடித்து வைத்திருக்கும், அதனால் காய்ச்சல் தெரியாது. 36.9 என்று எழுதிவிட்டுத் தொற்று இல்லை என்று நினைக்க வேண்டாம்.

4. ஃப்ளோ வேறு, ஸ்வீப் வேறு

ஆக்சிஜன் போதவில்லை என்றால் பார்க்க வேண்டியது ரத்தத்தின் ஃப்ளோ. கார்பன் டை ஆக்சைடு ஏறினால் பார்க்க வேண்டியது ஸ்வீப், அதாவது ஆக்சிஜனேட்டர் வழியாக ஓடும் காஸின் அளவு. இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் முதல் வாரத்தில் நான் அதிகம் திருத்தும் தவறு. சாச்சுரேஷன் குறைகிறது என்று ஸ்வீப்பை ஏற்றுவார்கள். ஆக்சிஜன் அப்படியே இருக்கும், கார்பன் டை ஆக்சைடு சரிந்துவிடும்.

அது சரிவது ஏன் ஆபத்து? பல மணி நேரமாக 80, 90 மி.மீ. என்று இருந்தவருக்கு ஒரேயடியாக 40க்கு இறக்கினால் மூளையின் ரத்தக்குழாய்கள் சட்டென்று சுருங்கும். எக்மோ தொடங்கிய முதல் நாளில் பாதிக்கு மேல் சரிந்தவர்களுக்கு மூளைப் பாதிப்பு அதிகம் என்று பெரிய பதிவேடுகளே காட்டியிருக்கின்றன. எனவே ஸ்வீப்பை அரை அரை லிட்டராக ஏற்றுங்கள், இடையில் ஏபிஜி, அதாவது ரத்த வாயுப் பரிசோதனை, பாருங்கள்.

இன்னொன்று, "சை" கொடுப்பது. ஆக்சிஜனேட்டரின் நுண்ணிழைகளுக்குள் ஈரம் கோத்துக்கொள்ளும். அதை ஊதி வெளியேற்றச் சில விநாடிகளுக்கு ஸ்வீப்பை 10 லிட்டர்வரை ஏற்றுவோம். ஒரு இரவு நான் 4இலிருந்து 10க்கு ஏற்றினேன். அதே நேரம் பக்கத்துப் படுக்கையிலிருந்து, "அக்கா, கொஞ்சம் வாங்க" என்று குரல். போய்விட்டேன். திரும்பி வர இருபது நிமிடம் ஆனது. குமிழ் 10லேயே நின்றுகொண்டிருந்தது. ஏபிஜியில் கார்பன் டை ஆக்சைடு 52இலிருந்து 31. நோயாளிக்கு நல்லவேளையாக ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து சை முடியும்வரை ஃப்ளோமீட்டரை விட்டுக் கையை எடுப்பதில்லை. என் ஜூனியர்களிடமும் அதையேதான் சொல்கிறேன்: ஏற்றிய கைதான் இறக்க வேண்டும்.

5. வென்டிலேட்டரைச் சும்மா விடுங்கள்

எக்மோ போட்டதே நுரையீரலுக்கு ஓய்வு தருவதற்காகத்தான். கடுமையான நுரையீரல் பாதிப்பில் எக்மோவைச் சோதித்து 2018இல் வெளிவந்த ஈயோலியா ஆய்வில் எக்மோ நோயாளிகளுக்கு பிளாட்டோ அழுத்தம் (மூச்சு உள்ளே போய் நின்றதும் இருக்கும் அழுத்தம்) 24க்குள், பீப் (மூச்சு வெளியே விட்டபின்னும் மிஞ்சும் அழுத்தம்) குறைந்தது 10, ஆக்சிஜன் 30 முதல் 50 சதவீதம் என்று வைத்தார்கள். பெரும்பாலான யூனிட்கள் ஏறக்குறைய இதே பாணியில்தான் வைக்கின்றன. டைடல் வால்யூம் (ஒரு மூச்சில் போகும் காற்று) சில சமயம் 100 மில்லிகூட வராது, வென்டிலேட்டர் அலாரம் அடித்துக்கொண்டே இருக்கும். பயந்து அழுத்தத்தை ஏற்றாதீர்கள். அலாரம் எல்லையை மருத்துவரிடம் கேட்டு மாற்றி வையுங்கள்.

சாச்சுரேஷன் 88 இருந்தால்? பதறாதீர்கள். விவி எக்மோவில் 85க்கு மேல் ஓடினாலே பல நோயாளிகளுக்குப் போதும், ஹீமோகுளோபினும் இதயமும் ஒழுங்காக இருந்தால். ஆக்சிஜன் போதாதபோது ஏறும் லாக்டேட் ஏறுகிறதா, சிறுநீர் வருகிறதா என்று பாருங்கள். 95 வேண்டும் என்று வென்டிலேட்டரை ஏற்றினால் எதற்காக எக்மோ போட்டோமோ அதையே கெடுத்ததாகும்.

6. குழாய் துடித்தால்

தொடையிலிருந்து வரும் குழாய் சாட்டை நுனிபோல் படபடவென்று அடித்துக்கொள்ளும். ஃப்ளோ எண் மேலும் கீழும் குதிக்கும். இதை சாட்டரிங் என்கிறோம். பம்ப் கேட்கும் அளவு ரத்தம் சிரையில் இல்லை, சிரையின் சுவர் கேனுலா ஓட்டைகளில் ஒட்டிக்கொள்கிறது என்று அர்த்தம். ஸ்ட்ரா உறிஞ்சும்போது டம்ளரின் அடியில் ஒட்டிக்கொள்வதுபோல்.

ஃப்ளோ குறைகிறதே என்று ஆர்பிஎம்மை ஏற்றினால் இன்னும் வலுவாக உறிஞ்சும், இன்னும் ஒட்டும். செய்ய வேண்டியது நேர் எதிர். ஆர்பிஎம்மை 100, 200 என்று இறக்குங்கள், துடிப்பு அடங்கும்வரை. இறக்கியபிறகு ஃப்ளோ கொஞ்சம் கூடுவதைக்கூடப் பார்ப்பீர்கள். முதல் தடவை பார்க்கும்போது யாருமே நம்புவதில்லை.

துடிப்பு அடங்கியபின் காரணத்தைத் தேடுங்கள். எனக்குப் பழகிய வரிசை இது: கால் மடங்கியிருக்கிறதா, இருமுகிறாரா அல்லது மயக்கம் குறைந்து வென்டிலேட்டரோடு மல்லுக்கட்டுகிறாரா, வயிறு கல்லாக இருக்கிறதா, எங்காவது ரத்தம் போகிறதா. தொடைக்குப் பின்னால் கைவிட்டுப் படுக்கை விரிப்பையும் தடவிப் பாருங்கள். கடைசியாக நெஞ்சு. ஒரு பக்கம் மூச்சு ஒலி இல்லை என்றால் நெஞ்சுக்கூட்டில் காற்று அடைத்திருக்கலாம். அதுவும் இதயத்துக்கு ரத்தம் திரும்புவதைத் தடுக்கும்.

இவை எதுவும் இல்லை என்றால்தான் திரவம். துடிப்பு வரும்போதெல்லாம் 250 மில்லி என்று ஊற்றிக்கொண்டே போனால் விடிவதற்குள் இரண்டு லிட்டர் ஏறியிருக்கும். ஏற்கெனவே ஈரத்தில் ஊறிய நுரையீரல் அது. மருத்துவரிடம், "துடிக்கிறது, திரவம் தரலாமா?" என்று கேட்காதீர்கள். "துடிக்கிறது, கால், இருமல், வயிறு, ரத்தம், நெஞ்சு பார்த்தேன்" என்று ஆரம்பியுங்கள்.

7. இரண்டு குழாயும் ஒரே நிறமானால்

இரண்டும் கருஞ்சிவப்பாக இருந்தால் ஆக்சிஜன் ஏறவில்லை. முதலில் காஸ் குழாய். சுவரிலிருந்து ஆக்சிஜனேட்டர்வரை கையால் பிடித்துக்கொண்டே போங்கள். கழன்று கிடக்கும், படுக்கைச் சக்கரம் ஏறியிருக்கும், இல்லை சிலிண்டர் காலியாகியிருக்கும். காஸ் சரியாக இருந்தால் சை கொடுத்துப் பாருங்கள். அதற்கும் மாறவில்லை என்றால் ஆக்சிஜனேட்டருக்குப் பிந்தைய ரத்தத்தை ஏபிஜிக்கு அனுப்ப வேண்டும். நூறு சதவீத ஆக்சிஜன் ஓடும்போது அதில் ஆக்சிஜன் அழுத்தம் 200க்குக் கீழே வந்தால் ஆக்சிஜனேட்டரை மாற்றுவது பற்றிப் பேச வேண்டிய நேரம்.

இரண்டும் பளிச்சென்ற சிவப்பாக இருந்து, நோயாளியின் சாச்சுரேஷன் மட்டும் குறைந்தால் அது ரீசர்குலேஷன். கழுத்தில் கொடுத்த நல்ல ரத்தத்தைத் தொடைக் கேனுலாவே திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது, நோயாளிக்குப் போகவில்லை. இங்கும் ஃப்ளோவை ஏற்றினால் மோசமாகும். ஃப்ளோவைக் கொஞ்சம் இறக்கிப் பார்த்து, கேனுலாக்கள் நெருங்கிவிட்டனவா என்று எக்ஸ்ரே அல்லது எக்கோவுக்குச் சொல்லுங்கள்.

8. டார்ச், ஹெப்பாரின், மூக்கு

ஷிஃப்டுக்கு இரண்டு முறையாவது ஆக்சிஜனேட்டரின் மூலைகளிலும் ஒவ்வொரு இணைப்பிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். கறுப்புத் திட்டு உறைகட்டி, வெள்ளை நூல் ஃபைப்ரின். ஒரு தாளில் ஆக்சிஜனேட்டர் படம் வரைந்து இருக்கும் இடத்தைக் குறித்து வையுங்கள். "கொஞ்சம் கிளாட் இருக்கு" என்ற ஹேண்ட்ஓவரை வைத்து, கூடியதா குறைந்ததா என்று அடுத்தவரால் சொல்ல முடியாது.

ஹெப்பாரின் இலக்கு யூனிட்டுக்கு யூனிட் மாறும். ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஏபிடிடி சாதாரண அளவைப்போல் 1.5 முதல் 2.5 மடங்கு என்பது பரவலான வழக்கம். ரத்த மாதிரியை ஹெப்பாரின் ஓடும் லைனிலிருந்து எடுத்துவிட்டு, "ஏபிடிடி 180" என்று இரவு இரண்டு மணிக்கு மருத்துவரை எழுப்பாதீர்கள். அதைப் பார்த்து ஹெப்பாரினை நிறுத்தினால் காலையில் ஆக்சிஜனேட்டர் அடைத்திருக்கும்.

தசையில் ஊசி கூடாது. மூக்கு வழியாகப் புதிதாக எந்தக் குழாயும் போட வேண்டாம், ஏற்கெனவே இருப்பதையும் காரணமில்லாமல் மாற்ற வேண்டாம். எக்மோவில் மூக்கிலிருந்து ரத்தம் வர ஆரம்பித்தால் அது நாள் கணக்கில் நிற்காது. சக்‌ஷன் மென்மையாக, குழாயின் நுனிவரை மட்டும்.

சிறுநீர் கட்டங்காப்பி நிறத்துக்கு மாறினால் சிவப்பணுக்கள் உடைகின்றன. உடைந்த சிவப்பணுக்களிலிருந்து கசியும் பிளாஸ்மா ஃப்ரீ ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டுவதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்கிறோம். உறிஞ்சல் அழுத்தத்தையும் பம்ப் தலையில் உறைகட்டி இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

9. உறவினர்களிடம்

2020இல் எஸ்.பி. பாலசுப்ரமணியம் சிகிச்சையில் இருந்தபோது தினமும் செய்தியில் கேட்ட சொல் என்பதால், "எக்மோன்னா அவ்வளவுதானா சிஸ்டர்?" என்றுதான் முதல் கேள்வி வரும். குணமாகும், ஆகாது என்று நீங்கள் சொல்லாதீர்கள். அது மருத்துவர் சொல்ல வேண்டியது. இந்த மெஷின் நுரையீரலைக் குணப்படுத்தாது, அது தானாகத் தேறுவதற்கு அவகாசம் வாங்கித் தருகிறது என்பதை மட்டும் சொல்லுங்கள். உள்ளே வரும் முன்பே ரத்தம் ஓடும் இரண்டு தடித்த குழாய்களைப் பார்ப்பீர்கள் என்று சொல்லி அழைத்து வாருங்கள். மயங்கி விழுந்த மகன்களைத் தாங்கிப் பிடித்திருக்கிறோம்.

10. சிடி ஸ்கேனுக்குக் கொண்டுபோகும்போது

முதலில் சிலிண்டர் கணக்கு. நம் ஊரில் பி டைப் என்று சொல்லும் சிலிண்டர் நிரம்பியிருந்தால் சுமார் 1,500 லிட்டர். ஸ்வீப் 6 லிட்டர், வென்டிலேட்டருக்கு 9 லிட்டர் என்றால் நிமிடத்துக்கு 15. முழுச் சிலிண்டர் 100 நிமிடம், பாதி என்றால் 50. லிஃப்ட்டுக்குக் காத்திருப்பதையும் சேர்த்தால் போய்வர நாற்பது நிமிடம் ஆகும். பாதிச் சிலிண்டரோடு கிளம்பாதீர்கள். ஸ்வீப்புக்கு ஒன்று, வென்டிலேட்டருக்கு ஒன்று என்று தனியாக வைப்பது இன்னும் நல்லது.

கிளம்பும் முன் பேட்டரியில் பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். பேட்டரி நிரம்பியதாகத் திரை காட்டுவதை மட்டும் நம்ப வேண்டாம். நோயாளியை மாற்றும்போது குழாய்களைப் பிடிக்க மட்டும் ஒருவர். அவர் வேறு எதையும் தூக்கக் கூடாது. எண்ணுவதும் அவரே. மற்றவர்கள் அவர் "மூன்று" சொன்னால்தான் அசைய வேண்டும். குப்புறப் படுக்க வைக்கும்போதும் இதே முறைதான்.

11. பம்ப் நின்றால், காற்று தெரிந்தால்

கழுத்துக்குப் போகும் குழாயை முதலில் கிளாம்ப் செய்யுங்கள். ஏன் அந்தப் பக்கம்? பம்ப் சுற்றிக்கொண்டிருக்கும்போது தொடைப் பக்கத்தை அடைத்தால் பம்ப் வெற்றிடத்தை உறிஞ்சி, கரைந்திருக்கும் காற்றே குமிழியாக வெளியே வரும். கழுத்துப் பக்கத்தை அடைத்தால் காற்றோ உறைகட்டியோ நோயாளிக்குப் போகாது, ரத்தம் பின்னோக்கியும் ஓடாது.

கிளாம்ப் போடும்போதே சத்தம்போட்டு ஆள் கூப்பிடுங்கள். பம்ப் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள். இரண்டாமவர் வென்டிலேட்டரைத் தலைமாட்டுத் தாளில் உள்ளபடி மாற்றட்டும். காற்று என்றால் படுக்கையின் தலைப்பக்கத்தைத் தாழ்த்துங்கள், காற்றை வெளியேற்றும் வேலை மெஷினை இயக்கும் பெர்ஃப்யூஷனிஸ்ட்டுடையது. மோட்டார் நின்றது என்றால் ஹேண்ட் கிராங்க். மீண்டும் தொடங்கும்போது ஆர்பிஎம் 1,500 அளவுக்கு ஏறியபிறகே கிளாம்ப்பை எடுக்க வேண்டும். முன்பே எடுத்தால் ரத்தம் பின்னோக்கி ஓடும்.

12. கழற்றிப் பார்ப்பது: காஸைக் குறையுங்கள், பம்ப்பைத் தொடாதீர்கள்

எக்ஸ்ரே தெளிகிறது, டைடல் வால்யூம் கூடுகிறது, வென்டிலேட்டர் ஆக்சிஜன் 50 சதவீதத்துக்குள் போதுமாக இருக்கிறது என்றால் சோதனை தொடங்கலாம். ரத்தத்தின் ஃப்ளோவை அப்படியே ஓடவிட்டு, காஸின் ஆக்சிஜனை முதலில் 21 சதவீதத்துக்கு இறக்குகிறோம், பிறகு ஸ்வீப்பை ஒவ்வொரு லிட்டராகக் குறைத்துப் பூஜ்யத்துக்கு. காஸ் இல்லாத ஆக்சிஜனேட்டர் வெறும் குழாய்தான், நோயாளி தன் நுரையீரலிலேயே நிற்கிறார். ஃப்ளோவைக் குறைத்துச் சோதித்தால் தேங்கும் ரத்தம் உறைந்துவிடும்.

ஸ்வீப் பூஜ்யத்தில் சில மணி நேரமாவது பார்க்க வேண்டும். ஏபிஜி நன்றாக இருந்தும் கழுத்துத் தசைகளை இழுத்து நிமிடத்துக்கு 38 மூச்சு விடுகிறார் என்றால் அது தேர்ச்சி இல்லை. சோதனை நடப்பதைப் படுக்கையருகே பெரிதாக எழுதி ஒட்டுங்கள். இல்லாவிட்டால் ஷிஃப்ட் மாறும்போது, "யாரோ காஸை மூடிட்டாங்க" என்று ஒருவர் திறந்துவிடுவார். எங்கள் யூனிட்டில் இது இரண்டு முறை நடந்திருக்கிறது.

கேனுலாவை எடுக்கச் சுமார் ஒரு மணி நேரத்துக்கு முன் ஹெப்பாரினை நிறுத்துகிறோம். கழுத்துக் கேனுலாவை எடுக்கும்போது தலைப்பக்கம் தாழ்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த ஓட்டை வழியாகக் காற்று உள்ளே இழுபடும். தையலை இழுத்துக் கட்டியபிறகும் அழுத்திப் பிடியுங்கள். இடையிடையே விரலைத் தூக்கிப் பார்க்காதீர்கள். எடுத்த மறுநாள் தொடை, கழுத்து இரண்டுக்கும் டாப்ளர் ஸ்கேன் கேளுங்கள். குழாய் இருந்த சிரையில் உறைகட்டி இருப்பது சகஜம், கால் வீங்கும்வரை காத்திருக்க வேண்டாம்.